வராத பாக்கியை எப்படி எழுதுவது? மூன்று வழிகளும் ஒரு ஜவுளிக் கணக்கும்

மார்ச் பிறந்துவிட்டால் ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரக் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். முதலாளி நிலுவைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒரு பெயரில் விரல் நின்றுவிடும். "இது இனி வராதுங்க. காந்திக் கணக்குல எழுதிக்க வேண்டியதுதான்" என்பார். ஆனால் எழுத மாட்டார். அடுத்த மார்ச்சிலும் அதே பெயர், அதே தொகை, அதே பேச்சு. இந்த ஊரில் பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். ஐந்தாறு மார்ச்சைத் தாண்டி நிற்கும் பெயர்களை ஏராளமாகப் பார்த்துவிட்டேன்.

வராது என்று மனதுக்குத் தெரிந்த பணம் ஏட்டில் மட்டும் சொத்தாக நிற்பதால் என்ன கெட்டுவிடும்? அந்தச் சரக்கை விற்ற வருடம் அதில் லாபம் வந்ததாகக் காட்டியிருப்போம். அந்த லாபத்துக்கு வரி கட்டியிருப்போம். பங்காளிகள் தங்கள் பங்கை எடுத்திருப்பார்கள். ஜிஎஸ்டியும் கைப்பணத்திலிருந்து போயிருக்கும். ஏடு மட்டும் 'நன்றாக இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டிருக்க, கையிருப்பு வறண்டுகொண்டே போகும். கடன் வியாபாரத்தில் சரிந்த கடைகளில் பலவற்றின் கடைசி வருட ஏடு நல்ல லாபத்தைத்தான் காட்டியது.

எனவே எழுதத்தான் வேண்டும். எப்போது எழுதுவது, எப்படி எழுதுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. பாடப்புத்தகம் 'போக்கெழுதுதல்' என்று சொல்வதைக் கடைவீதியில் 'ரைட் ஆஃப்' என்கிறோம். 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்பதற்கு எல்லோரும் 'ப்ரொவிஷன்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரைட் ஆஃப் என்றால் இன்ன பார்ட்டியின் இன்ன பாக்கி போய்விட்டது என்று அந்தப் பெயரிலேயே வரவு வைத்துக் கணக்கைத் தீர்ப்பது. ப்ரொவிஷன் என்றால் யார் தரமாட்டார்கள் என்று இன்னும் தெரியாத நிலையில், மொத்த நிலுவையில் இவ்வளவு போகலாம் என்று கணித்து லாபத்திலிருந்து ஒதுக்கி வைப்பது. அப்போது பார்ட்டிகளின் கணக்கு எதிலும் கை வைப்பதில்லை.

ஒரே கடை, மூன்று லாபம்

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டுக்கொண்டவை. வருடத்துக் கடன் விற்பனை 4 கோடி ரூபாய். மார்ச் 31 அன்று வெளியே நிற்கும் பாக்கி 60 லட்சம். அந்த வருடம் ஒரு பார்ட்டி கடையை மூடிவிட்டுப் போனதில் 1,50,000 ரூபாய் உறுதியாக நட்டம். அதை நீக்கிய பிறகுதான் இந்த 60 லட்சம். வாராக்கடன் எதையும் கழிக்காமல் பார்த்தால் லாபம் 18 லட்சம்.

முதல் வழி நேரடியாக எழுதுவது. எந்தக் கணிப்பும் கிடையாது. போனது உறுதியானால் அன்றைக்கு எழுதுவது, அவ்வளவுதான். 1,50,000 மட்டும் நட்டம், லாபம் 16,50,000. மீதி 60 லட்சமும் முழுதாக வரும் என்று ஏடு சொல்கிறது. இது உண்மையில்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

இதன் பெரிய குறை காலப் பிசகு. போன வருடம் விற்று லாபம் காட்டிய சரக்கின் நட்டம் இந்த வருடத்திலோ, அதற்கு அடுத்த வருடத்திலோ வந்து விழுகிறது. எந்த வருடம் எழுதுவது என்பதும் முதலாளியின் மனநிலையைப் பொறுத்துப் போய்விடுகிறது. லாபம் குறைந்த வருடத்தில் யாரும் எழுத முன்வருவதில்லை. லாபம் கொழித்த வருடத்தில் ஐந்து வருடத்துப் பழசையெல்லாம் சேர்த்து எழுதுவார்கள். கடன் விற்பனை சொற்பமாக உள்ள மளிகைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ இந்த வழியே போதும். நாலு பேரின் பாக்கிக்காகக் கணிப்புப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி விற்பனையில் ஒரு சதவீதம். கடந்த ஐந்து வருடங்களில் கடன் விற்பனையில் சராசரியாக நூறு ரூபாய்க்கு 75 காசு போயிருக்கிறது என்றால், இந்த வருட 4 கோடிக்கு 3 லட்சம் ஒதுக்க வேண்டும். இங்கே போன வருடம் ஒதுக்கிய 2,40,000 இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுதியாகப் போன 1,50,000 அந்த ஒதுக்கிலிருந்தே கழியும். மீதி 90,000. அதோடு புது 3 லட்சம் சேர, ஒதுக்கு 3,90,000 ஆகும். இந்த வருட லாபத்திலிருந்து போவது 3 லட்சம், லாபம் 15 லட்சம்.

விற்பனையும் அதற்கான நட்டமும் ஒரே வருடத்தில் விழுவது இதில் உள்ள நல்ல விஷயம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவரிடமும் சில நூறு ரூபாய் என்ற வியாபாரத்துக்கு இது கச்சிதம். பத்திரிகை ஏஜென்ட், கேபிள் இணைப்பு, தண்ணீர் கேன் மாதிரியான தொழில்களில் தனித்தனியாகப் பார்க்க ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. சராசரி அங்கே உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் எண்பது பார்ட்டிகளில் ஐந்து பேரிடம் பாதிப் பணம் நிற்கும் ஜவுளி வியாபாரத்தில் 75 காசு என்பது அர்த்தமில்லாத எண். ஒரே ஒருவர் விழுந்தால் ஐந்து வருடச் சராசரியும் சேர்ந்து விழும். அதைவிட எனக்குள்ள பெரிய வருத்தம், இந்த வழியில் யாருமே நிலுவைப் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை என்பது. விற்பனைத் தொகையை எடுத்துப் பெருக்கினால் வேலை முடிந்தது. பாக்கி முழுவதும் இரண்டு வருடப் பழசாக இருந்தாலும் விடை அதே 3 லட்சம்தான்.

மூன்றாவது வழி பாக்கியின் வயதைப் பார்ப்பது. 60 லட்சத்தையும் பில் தேதி வாரியாகப் பிரிக்க வேண்டும்:

2 மாதத்துக்குள் 34 லட்சம், 1 சதவீதம்: 34,000
2 முதல் 6 மாதம் 14 லட்சம், 4 சதவீதம்: 56,000
6 மாதம் முதல் 1 வருடம் 6 லட்சம், 15 சதவீதம்: 90,000
1 முதல் 2 வருடம் 4 லட்சம், 40 சதவீதம்: 1,60,000
2 வருடத்துக்கு மேல் 2 லட்சம், 80 சதவீதம்: 1,60,000

கூட்டினால் 5 லட்சம். ஒதுக்கில் இருக்க வேண்டிய தொகை இது. ஏற்கனவே 90,000 இருப்பதால் இந்த வருடம் சேர்க்க வேண்டியது 4,10,000. லாபம் 13,90,000. இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்டில்) கடனாளிகள் 60 லட்சம், கழிவு 5 லட்சம், நிகரம் 55 லட்சம் என்று வரும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பட்டியலில் வந்த 5 லட்சத்தை அப்படியே நட்டத்தில் எழுதிவிடுவார்கள். விற்பனைச் சதவீத வழியில் வரும் தொகையை அப்படியே எழுதலாம். வயதுப் பட்டியலில் வருவதோ ஒதுக்கின் கடைசி நிலுவை. ஏற்கனவே இருப்பதைக் கழித்து மிச்சத்தை மட்டும்தான் எழுத வேண்டும்.

வயதுப் பட்டியல் பொய் சொல்லும் இடங்கள்

கடன் வியாபாரத்துக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான். ஆனால் பட்டியல் வந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஏமாற்றும் இடங்களைத் தெரிந்துகொண்டால்தான் பயன்.

முதலாவது, பில் வாரியாக வரவு வைக்காத கடை. பார்ட்டி 50,000 அனுப்புகிறார். எந்த பில்லுக்கு என்று கேட்காமல் கணக்கு மென்பொருளான டாலியில் 'ஆன் அக்கவுண்ட்', அதாவது எந்த பில்லோடும் சேராத பொது வரவு, என்று போட்டுவிடுகிறார்கள். வருடக் கடைசியில் பட்டியலை எடுத்தால் ஒரு பக்கம் இரண்டு வருடப் பழைய பில்கள் தீராமல் நிற்கும், மறுபக்கம் எதிலும் ஒட்டாத வரவுகள் லட்சக்கணக்கில் நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு கடையில் இப்படி ஒரு பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு போய், ஒழுங்காகப் பணம் தரும் ஒரு பார்ட்டியை 'ரெண்டு வருஷப் பாக்கி' என்று முதலாளியிடம் காட்டிவிட்டேன். அவர் அந்தப் பார்ட்டிக்குப் போன் போட்டுக் கேட்டும் விட்டார். பதினைந்து வருடப் பழக்கம் அன்றைக்கு முறிய இருந்தது. அதிலிருந்து பட்டியலைத் தொடுமுன் ஒட்டாத வரவுகளைப் பில்லில் சேர்ப்பதுதான் என் முதல் வேலை. பார்ட்டியிடமே கேட்டுச் சேர்ப்பது நல்லது. கேட்க முடியாவிட்டால் பழைய பில்லிலிருந்து வரிசையாகத் தீர்க்கலாம், ஆனால் தகராறில் நிற்கும் பில்லை மட்டும் அப்படித் தீர்த்துவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. சில பார்ட்டிகள் பழைய பில்லைத் தீர்த்த அன்றே அதே அளவுக்கு, அல்லது கொஞ்சம் கூடுதலாக, புதுச் சரக்கு எடுப்பார்கள். பட்டியலில் அவர்கள் பாக்கி எப்போதும் இரண்டு மாதத்துக்குள்தான் இருக்கும். தங்கமான பார்ட்டி என்று தோன்றும். ஆனால் மொத்த நிலுவையை மாதவாரியாக எழுதிப் பாருங்கள். நாலு லட்சம், ஐந்து, ஐந்தரை, ஏழு என்று ஏறிக்கொண்டே போகும், ஒரு மாதம்கூட இறங்கியிருக்காது. நம் சரக்கை விற்று நமக்கே பணம் தருகிறார், அவ்வளவுதான். நான் கணக்குப் பார்த்த ஒரு கடைக்கு இப்படி ஒரு பார்ட்டி இருந்தார். தீபாவளிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சரக்கு எடுத்தார். பொங்கலுக்குப் பிறகு கடைக் கதவு திறக்கவே இல்லை. அன்று அவர் பாக்கியில் முக்கால்வாசி பட்டியலின் இரண்டாவது வரிசையில், வெறும் 4 சதவீதத்தில் இருந்தது.

அதனால் வயதுப் பட்டியலோடு நின்றுவிடாமல், பெரிய பாக்கி உள்ள பத்துப் பதினைந்து பார்ட்டிகளைத் தனியாகப் பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். செக் திரும்பியதா? பக்கத்துக் கடைக்காரர்கள் சரக்கு நிறுத்திவிட்டார்களா? ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரா என்று அவர் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு இணையத்திலேயே பார்க்கலாம். தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் தாக்கல் இல்லை என்றால் நான் வயதைப் பார்க்க மாட்டேன், பாதியை அப்போதே ஒதுக்கிவிடுவேன். அப்படித் தனியாக ஒதுக்கிய பார்ட்டியின் பாக்கியைச் சதவீதக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தடவை ஒதுக்கியதாகிவிடும்.

சதவீதங்கள் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேலே நான் போட்டதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் 31 பட்டியலை எடுங்கள். அன்று ஆறு மாதம் முதல் ஒரு வருட வரிசையில் இருந்த பில்களில் எவை இன்றுவரை வரவில்லை என்று டிக் அடியுங்கள். அந்த விகிதம்தான் உங்கள் சதவீதம். ஒரு நாள் வேலை. இரண்டு மூன்று வருடங்களுக்குச் செய்தால் ஒரு போக்கு தெரியும். 2020 மார்ச் பட்டியலை மட்டும் யோசித்துச் சேருங்கள். ஊரடங்கால் அந்த வருடம் பணம் வராமல் நின்றதற்கும் மற்ற வருடங்களில் நிற்பதற்கும் காரணம் வேறு.

பெரிய நிறுவனங்களுக்கு இதில் விருப்பத் தேர்வே இல்லை. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 2021இல் திருத்தப்பட்ட பிறகு, கம்பெனிகள் வாடிக்கையாளர் நிலுவையை வயது வாரியாகப் பிரித்து இருப்புநிலைக் குறிப்பில் காட்டியாக வேண்டும். இந்தியக் கணக்கியல் தரநிலை 109 பொருந்தும் நிறுவனங்கள் எதிர்பார்க்கும் நட்டத்தை, பில் போட்ட புதிதிலிருந்தே கணித்து ஒதுக்க வேண்டும். தனி உரிமையாளர் கடைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் இந்தக் கட்டாயங்கள் இல்லை. ஆனால் வங்கி இதை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்துப் பணம் எடுக்கும் சிசி (கேஷ் கிரெடிட்) கணக்குக்கு, அவற்றின் பட்டியலான ஸ்டாக் ஸ்டேட்மென்டை மாதாமாதம் கொடுக்கும்போது 90 நாள் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலும் கழித்துவிட்டுத்தான் எடுக்கும் வரம்பைக் கணக்கிடுகிறார்கள்.

வரிக்காக எந்த வழி?

"ப்ரொவிஷன் போட்டா வரி குறையுங்களா?" என்பதுதான் எனக்கு வரும் முதல் கேள்வி. குறையாது. வங்கிகளுக்கும் சில நிதி நிறுவனங்களுக்கும் தனி விதி உண்டு. மற்றவர்களுக்கு ஒதுக்கு வருமான வரியில் செலவாகாது. எழுதித் தீர்த்த கடன் மட்டும்தான் செலவு.

நம் கடையையே பாருங்கள். நேரடி வழியில் லாபம் 16,50,000. சதவீத வழியில் 15 லட்சத்தோடு ஒதுக்கிய 3 லட்சத்தைத் திருப்பிக் கூட்டி, எழுதித் தீர்த்த 1,50,000ஐக் கழித்தால் 16,50,000. வயது வழியில் 13,90,000 உடன் 4,10,000ஐக் கூட்டி 1,50,000ஐக் கழித்தாலும் அதே 16,50,000. மூன்றிலும் ஒரே வரி. எனவே வழியைத் தேர்ந்தெடுக்க வரியைக் காரணமாக வைக்கவே வேண்டாம். உங்களுக்கும் உங்கள் பங்காளிகளுக்கும் உண்மை தெரிய வேண்டுமா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி.

எழுதித் தீர்ப்பதில் விதி இன்று எளிது. 1961ஆம் வருடச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் முன்பு கடன் அந்த வருடத்தில்தான் கெட்டது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1989 ஏப்ரல் 1க்குப் பிறகு ஏட்டில் எழுதினாலே போதும் என்று மாற்றினார்கள். 2010இல் டிஆர்எஃப் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இப்போது 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை முக்கியம்: அந்தப் பாக்கி முன்பே உங்கள் வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும். விற்பனை பாக்கி சேர்ந்திருக்கும். சப்ளையருக்குக் கொடுத்து ஏமாந்த முன்பணமோ கைமாற்றோ சேர்ந்திருக்காது. அவற்றை வாராக்கடன் என்று இதில் நுழைக்க முடியாது. விற்றுமுதலில் குத்துமதிப்பாக ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறையில் (பழைய சட்டத்தில் 44-ஏடி) இருப்பவர்களுக்கும் வாராக்கடன் தனியாகக் கழியாது.

ஜிஎஸ்டியில் நிலைமை கடுமை. பணம் வரவில்லை என்பதற்காகக் கட்டிய வரி திரும்பாது. சரக்கு திரும்பினாலோ, விலை குறைந்தாலோதான் பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போடலாம். வாராக்கடனுக்குப் போட முடியாது. ஆனால் அதே சட்டத்தில் நமக்கு ஒரு பிடி உண்டு. வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், நம் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்காகத் தன் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தந்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 150ஆவது நாளில் இதை மரியாதையாக ஒரு கடிதத்தில் நினைவூட்டச் சொல்வேன். பலருக்கு அதன் பிறகு பணம் வந்திருக்கிறது. விற்றவர் தயாரிப்பாளராக உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனம் என்றால் 45 நாள் உச்ச வரம்பும் இருக்கிறது. தாண்டினால் வாங்கியவருக்கு அந்தச் செலவு, வருமான வரியில் பணம் தரும் வருடத்தில்தான் கழியும். விசைத்தறிக்காரருக்கு இது பலம். வாங்கி விற்கும் மொத்த வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

"எழுதிட்டா விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடாதுங்களா?"

எழுத வேண்டியதை எழுதாமல் வைப்பதற்குப் பின்னால் இருக்கும் உண்மையான காரணம் இதுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ரைட் ஆஃப் நம் ஏட்டுக்குள் நடக்கும் பதிவு மட்டுமே. பார்ட்டியிடம் பணம் கேட்கும் உரிமை அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம், நேரில் போய் உட்காரலாம். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: 'உங்கள் கணக்கை முடித்துவிட்டோம்' என்று பார்ட்டிக்கு எழுத்தில் எதையும் அனுப்பிவிடக் கூடாது.

உரிமையைக் கொல்வது காலம். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. தவணை சொல்லியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து, சொல்லாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கெடு தீருமுன் பார்ட்டி கையெழுத்துப் போட்டு 'இவ்வளவு பாக்கி உண்மை' என்று எழுதித் தந்தால் மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். பார்ட்டியின் கையெழுத்தோடு ஒரு பகுதிப் பணம் வந்தாலும் அப்படியே. ஏப்ரலில் நிலுவை உறுதிக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்கச் சொல்லி ஆடிட்டர் நச்சரிப்பது சடங்குக்காக அல்ல. வயதுப் பட்டியலின் இரண்டு வருட வரிசையில் இருக்கும் பெயர்களுக்கு இன்னும் சில மாதம்தான் மிச்சம் என்பது பட்டியல் எடுத்தவருக்குத்தான் தெரியும். மற்ற இரண்டு வழிகளும் இதைக் காட்டவே காட்டாது. நான் மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு லாபம் சரியாக வருவதைவிட இதுதான் பெரிய காரணம்.

கடன் வியாபாரம் உள்ள நண்பர்களுக்கு நான் சொல்வது இப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயதுப் பட்டியல் எடுங்கள். மார்ச் முதல் வாரத்தில் ஒதுக்கைக் கணக்கிடுங்கள். பெரிய பார்ட்டிகளைப் பெயர் பெயராகப் பாருங்கள். உண்மையிலேயே போனதை மார்ச் 31க்குள் பெயர் சொல்லி எழுதுங்கள், அப்போதுதான் அந்த வருடக் கணக்கில் அது கழியும். எழுதிய பெயர்களைத் தனி நோட்டில் வையுங்கள், லெட்ஜரில் தீர்ந்துவிட்டதால் கேட்பதற்கு மறந்துபோகும்.

அந்தத் தனி நோட்டு வீண்போவதில்லை. நாலு வருடம் முன்பு எழுதித் தீர்த்த ஒரு பார்ட்டி போன ஐப்பசியில் இறந்துபோனார். அடுத்த மாதம் அவர் மகன் கடைக்கு வந்து, "அப்பா டைரியில உங்க பேர் இருந்துச்சுங்க" என்று 40,000 ரூபாயை வைத்துவிட்டுப் போனான். முதலாளி அதைப் பழைய பாக்கியில் வரவு வைக்கச் சொன்னார். பழைய பாக்கிதான் ஏட்டில் இல்லையே. ரொக்கத்தில் பற்று வைத்து, 'மீண்டு வந்த வாராக்கடன்' என்ற தலைப்பில் வரவு வைத்தேன். எழுதிய வருடம் வரியில் கழித்திருந்ததால், வந்த வருடம் அது வருமானம். நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே தேதியும் தொகையும் குறித்து, மீதி 22,000 என்று எழுதி வைத்தோம்.